ஊரை விட்டுப் போனால்தான் ஆசீர்வாதமா? மிசிசிப்பிக்குத் திரும்பிய ஒரு போதகர் சொல்லும் பாடம்

சென்னைக்கு வந்த ஆறு வருஷத்தில் ஐந்து வீடு மாறிவிட்டேன். பதினோரு மாத அக்ரிமென்ட் முடியும், வாடகை ஏறும், அடுத்த தெரு. ஐந்து தெருவிலும் எனக்குப் பெயர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

"எல்லாரும் அப்படித்தானே, இதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். தப்பில்லைதான். ஆனால் ஓர் இடத்தில் நிலைத்திருப்பதையே விசுவாசத்தின் பகுதியாகப் பார்க்கும் பழைய மரபு ஒன்று கிறிஸ்தவத்தில் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய புனித பெனடிக்ட், மடத்துக்கு மடம் மூன்று நாள், நான்கு நாள் என விருந்தாளியாகத் தங்கி அலையும் துறவிகளைக் கடுமையாகச் சாடினார். அவர் வழியில் வரும் துறவிகள், சேர்ந்த குழுமத்திலேயே நிலைத்திருப்போம் என்று இன்றைக்கும் வாக்குறுதி கொடுக்கிறார்கள்.

அது மடத்துக்கு. குடும்பம், குழந்தை, வேலை என்று இருப்பவர்களுக்கு? இதற்கு வாழ்ந்து காட்டிப் பதில் சொன்னவர், அமெரிக்காவின் ஜான் பெர்கின்ஸ்.

தப்பித்தவர் ஏன் திரும்பினார்?

மிசிசிப்பி மாநிலத்தின் நியூ ஹெப்ரன் என்ற ஊரில், குத்தகை விவசாயம் செய்த கறுப்பினக் குடும்பத்தில் 1930-இல் பிறந்தவர் பெர்கின்ஸ். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்துத் திரும்பிய அண்ணன் கிளைடை 1946-இல் உள்ளூர் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த வருஷமே பெர்கின்ஸ் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். இனி அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

கலிஃபோர்னியாவில் வேலை, வீடு, குடும்பம் எல்லாம் அமைந்தது. 1957-இல், சிறுவனாக இருந்த மகன் ஸ்பென்சர் மூலமாகத்தான் அவருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் வந்தது. அதன் விளைவு, வசதிக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. 1960-இல் மனைவி வேரா மேயோடும் பிள்ளைகளோடும் மிசிசிப்பிக்கே திரும்பி, மெண்டன்ஹால் என்ற சிற்றூரில் குடியேறினார்.

பிரசங்கத்தோடு தொடங்கிய வேலை அங்கேயே நிற்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், மருத்துவ மையம், பழைய துணிமணிகளை மலிவாக விற்கும் கடை எனத் தெருவின் தேவைகள் அவரை இழுத்துக்கொண்டே போயின. கறுப்பின மக்களை மதிக்காத கடைகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தையும் நடத்தினார். 1970 பிப்ரவரியில், கைதான மாணவர்களை ஜாமீனில் எடுக்க பிராண்டன் சிறைக்குப் போனவரையே கைது செய்து, சாகும் நிலைக்குப் போகும்வரை அடித்தார்கள். அடித்தவர்களின் முகத்தில் பார்த்த வெறுப்பு தனக்குள்ளும் வந்துவிடக் கூடாது என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் எழுதினார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் மிசிசிப்பியில்தான் இருந்தார்.

மூன்று வகை மனிதர்கள்

1989-இல் பெர்கின்ஸும் மற்றவர்களும் சேர்ந்து கிறிஸ்தவ சமுதாய மேம்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஏழைகளுக்கு உதவ வேண்டுமானால் அவர்களுடைய தெருவிலேயே குடியிரு' என்பதுதான் அதன் அடிப்படை. அவர்கள் மூன்று வகையினரைப் பற்றிப் பேசுகிறார்கள்: வெளியிலிருந்து குடிவருபவர், போய்த் திரும்பி வருபவர், போக வாய்ப்பிருந்தும் அங்கேயே இருப்பவர்.

இரண்டாம் வகைக்கு உதாரணம் டால்ஃபஸ் வியரி. மெண்டன்ஹால் பகுதியில் வறுமையில் வளர்ந்து, கூடைப்பந்து மூலம் கலிஃபோர்னியாவில் கல்லூரிக்குப் போனவர். பிறகு திரும்பி வந்து, பெர்கின்ஸ் அங்கே தொடங்கிய பணிக்குத் தலைமை ஏற்றார். அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்புக்கு என்ன பொருள் தெரியுமா? 'நான் திரும்பி வரமாட்டேன்.'

சிக்கலே இல்லையா?

இருக்கிறது. படித்தவர்களும் வசதியானவர்களும் ஏழைகள் வாழும் பகுதிக்குக் குடிவந்தால் வாடகை ஏறும். கடைசியில் யாருக்காக வந்தார்களோ அவர்களே வெளியேற வேண்டிவரும். அமெரிக்க நகரங்களில் இது நிஜமாகவே நடக்கிறது. நல்ல மனசு மட்டும் வாடகையைக் குறைக்காது.

இன்னொன்று, ஊரை விட்டுப் போவது எப்போதும் சுயநலம் கிடையாது. சாதிக் கொடுமைக்கோ, அடிக்கும் கணவனுக்கோ தப்பி ஓடும் ஒருவரிடம் "இங்கேயே இரு, அதுதான் விசுவாசம்" என்று சொல்வது கொடுமை. பெர்கின்ஸே பதினேழு வயதில் ஓடியவர்தான். 1982-இல் மறுபடியும் கலிஃபோர்னியாவுக்குப் போனார். ஆனால் அங்கேயும் அவர் தேடிப் போய்க் குடியேறியது குற்றங்கள் மலிந்திருந்த ஒரு பகுதியில். ஆக, எத்தனை வருஷம் ஒரே முகவரியில் இருந்தோம் என்பதைவிட, இருக்கும் இடத்தில் யாருடைய கஷ்டம் நம்முடைய கஷ்டமாக ஆனது என்பதுதான் முக்கியம்.

நமக்கு இதில் என்ன?

நம்மூர் ஆலயங்களில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? விசா கிடைத்தது, மகனுக்கு வெளிநாட்டில் வேலை, நல்ல ஏரியாவில் ஃபிளாட். எல்லாம் சந்தோஷமான விஷயங்கள்தான். ஆனால் "இருபது வருஷமா இதே தெருவுல இருக்கேன், இந்தத் தெருவுக்குத் தண்ணி வர வச்சோம்" என்று ஒருவர் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. கிளம்பிப் போவது மட்டுமே ஆசீர்வாதம் என்றால், போக முடியாமல் இருப்பவர்களை என்னவென்று சொல்வது?

தமிழ் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் இதற்கு ஓர் அருமையான சொல் இருக்கிறது: 'அடுத்திருப்பவர்'. அன்பு காட்டச் சொல்லும் கட்டளை, நமக்கு அடுத்து இருப்பவரைத்தான் காட்டுகிறது. அவரை அறிய நாமும் கொஞ்ச காலமாவது அங்கே இருந்தாக வேண்டும்.

என் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காவுக்கு எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும். யார் பிள்ளை ஸ்கூலுக்குப் போகவில்லை என்பதும் தெரியும். பெர்கின்ஸ் சொன்ன மூன்றாவது வகை அவர். அவரை யாரும் மேடையேற்றியதில்லை. எனக்கு அவர் பெயர் தெரியவே எட்டு மாசம் ஆனது. என் அக்ரிமென்ட் முடிய இன்னும் மூன்று மாசம் இருக்கிறது. இந்த முறை வேறு வீடு தேடுவதற்கு முன்னால், வாடகை விஷயமாக ஓனரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பார்க்கப் போகிறேன்.