கடல் கடந்த பங்குகள்



தலைநகரத்து விடுதி அறைகளில் இரவு பத்து மணிக்கு மேல் பேசப்படுவது சினிமாவும் அரசியலும் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையும் இப்போது அங்கே குடியேறிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் போதும்; நியூயார்க் நகரத்துப் பங்கில் ஒரு துண்டை நம் மாணவன் வாங்கிவிடலாம். இது நன்மையா, தீமையா?

நன்மை இல்லையென்று சொல்ல மாட்டேன். நாம் நாள்தோறும் தொடும் கருவிகளைச் செய்கின்ற கம்பெனிகள் பலவற்றின் பங்கு நம் நாட்டுச் சந்தையில் கிடைப்பதில்லை. அவற்றின் வளர்ச்சியில் நமக்கும் சிறு பங்கு வேண்டுமென்று விரும்புவது குற்றமாகாது. நாணயமும் துணை நிற்கக்கூடும். 2014 மே மாதத்தில் ஏறத்தாழ 59 ரூபாயாக இருந்த டாலர், 2024 இறுதியில் 85 ரூபாயைத் தாண்டிற்று. சட்டமும் தடுக்கவில்லை. 2004இல் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட வழியில், இன்று ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்.

இத்தனையும் படித்துவிட்டுத்தான் நானும் இறங்கினேன். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 18,000 ரூபாயை அனுப்பினேன். வங்கிக் கட்டணமும் நாணய மாற்றுச் செலவுமாக, பங்கு வாங்குமுன்பே ஆயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. நான்காம் மாதம் மதுரையிலிருந்து அப்பா பேசினார். "தம்பி, தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். உன்கிட்டே இருக்கிறதை அனுப்புப்பா" என்றார். அந்த வாரம் பங்கின் விலை சரிந்து கிடந்தது. காத்திருந்தால் ஏறியிருக்கலாம், கல்லூரி காத்திருக்குமா? விற்றேன். கைக்கு வந்தது 14,000. மீதிக்கு அறைத் தோழனிடம் கை நீட்டினேன்.

குற்றம் சந்தையுடையதா? அன்று. தேதி குறித்த பணத்தைத் தேதி சொல்லாத இடத்தில் வைத்த என்னுடையது.

"விழுந்தால் என்ன, சீக்கிரம் எழுந்துவிடும்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஜப்பானைக் காட்டுவேன். 1989 டிசம்பர் இறுதியில் டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 38,915ஐ எட்டியது. பிறகு சரிந்த அது, அந்த உயரத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்! இடையில் 34 ஆண்டுகள். ரூபாயும் எப்போதும் இறங்கிக்கொண்டே இருப்பதில்லை. 2002இல் 48 ரூபாயளவில் இருந்த டாலர், 2007 இறுதியில் 40க்கும் கீழே வந்தது. சில ஆண்டுக் கணக்கை வைத்துப் பொது விதி கூறினால், நம் ஆய்வுக்கூடத்து ஆசிரியர் ஒப்புவாரா?

இன்னொன்றும் கேளுங்கள். வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர், தம் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதனைக் காட்டியாக வேண்டும். விற்பனை செய்யும் செயலி இதை உரக்கச் சொல்வதில்லை.

ஆகவே, வாங்கவே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பத்தாண்டுகள் தொடாமல் வைக்க முடிந்த பணமா? ஒரே கம்பெனியில் கொட்டாமல் பல நாடுகளில் பரப்பியதா? அனுப்பும் செலவு தாங்கக்கூடியதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் இறங்குங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் பொறுங்கள்.

தங்கையின் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். அது இங்கேயே, வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது.