நகரமன்ற நாற்காலியும் ஓர் அமானிதமே

கீழக்கரையின் பழம்பெருமையைப் பேசுவதற்கு நாம் தயங்குவதே இல்லை. முத்தும் சங்கும் மரக்கலங்களும் வளம் சேர்த்த துறை. புலவர்களைப் போற்றிய வள்ளல் சீதக்காதி வாழ்ந்த மண். திராவிடக் கட்டடக் கலையில் கல்லால் எழுந்த பழைய ஜும்ஆ பள்ளிவாசல். பிற்காலத்திலும் அந்தக் கொடைக்கரம் ஓயவில்லை. இவ்வூரில் பிறந்த பி. எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் சென்னை வண்டலூரில் எழுப்பிய பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1988-இல் கீழக்கரையில் தொடங்கப்பெற்ற தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, நம் பெண்மக்கள் பலருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

ஆயினும் ஓர் உண்மையை நாம் நேர்கொண்டு பார்க்க வேண்டும். கல்லூரியை ஒரு வள்ளல் கட்டிவிடலாம். சாக்கடையை அவ்வாறு கட்டிவிட இயலாது. கழிவுநீர்க் கால்வாய் நூறு வீட்டு வாசல்களைக் கடந்து செல்வது. எங்கோ ஓரிடத்தில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். எவரோ ஒருவரிடம் வரி தண்ட வேண்டும். ஆண்டுதோறும் தூர்வாரப் பணியாள் வேண்டும். இதற்கெல்லாம் சட்டம் தந்த அதிகாரம் உடையது நகரமன்றம் ஒன்றே. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, கொசு ஒழிப்பு ஆகியனவும் அத்தகையனவே. ஊரின் மறுமலர்ச்சி என்றதும் புதிய கட்டடத்தையும் வெளிநாட்டிலிருந்து வரும் சபுராளிகளின் நன்கொடையையும் எதிர்பார்க்கும் நாம், நகரமன்றத்தில் யார் அமர்கிறார் என்பதில் போதிய அக்கறை கொள்வதில்லை.

இது மார்க்கத்திற்குப் புறம்பான செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நீர்நிலைகளிலும் மக்கள் நடக்கும் வழியிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்திற்குரிய செயல் என எச்சரித்தவர்களும் அவர்களே. கீழக்கரையின் முன்னே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. 1986-இல் அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. நம் வீட்டுக் கழிவுநீர் கலப்பது அந்த நீரில்தான். அது சென்று சேர்வது மீனவச் சகோதரரின் வலையருகே. ஒளுவுக்கு நீரைத் தூய்மையாகத் தேடும் சமுதாயம், கடலுக்கு அனுப்பும் நீரைப் பற்றிக் கேள்வி கேளாதிருக்கலாமா?

நல்லவர்கள் பலர் தேர்தலில் நிற்க மறுப்பதற்கும் மார்க்கத்தையே காரணம் காட்டுகிறார்கள். தலைமையைக் கேட்டுப் பெறாதீர் என்ற நபிமொழியை நினைவூட்டுகிறார்கள். அது உண்மையே; பதவி ஓர் அமானிதம், அதன் உரிமையை நிறைவேற்றாதவருக்கு அது மறுமையில் இழிவாகும் என்பதும் நபிமொழியே. ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ர் நாட்டுக் களஞ்சியப் பொறுப்பைத் தாமே முன்வந்து கேட்டதையும் அதே மார்க்கம்தான் நமக்கு எடுத்துரைக்கிறது. காத்தலும் அறிதலும் தமக்கு உண்டு என்பதையே அவர்கள் தகுதியாகக் கூறினார்கள். புகழுக்காகவும் பொருளுக்காகவும் கேட்பது வேறு. பஞ்சம் வருமென்று அறிந்து, தாங்கும் ஆற்றல் இருந்தும் ஒதுங்கி நிற்பது வேறு. தகுதியுடையோர் ஒதுங்கினால் நாற்காலி காலியாக இருப்பதில்லை; அதில் வேறொருவர் அமர்கிறார்.

அப்படி அமர்பவரை அளக்கவும் நமக்கு அளவுகோல் உண்டு. ஸகாத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, தமக்குக் கிடைத்தவற்றை அன்பளிப்பு என்று தனியே எடுத்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா எனும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் ‘கமிஷன்’, வீட்டு வரைபட அனுமதிக்கான ‘கவனிப்பு’ ஆகிய அனைத்திற்கும் இந்த ஒரு நிகழ்வே தீர்ப்பு.

மக்களின் அக்கறையின்மைக்கு விலையுண்டு என்பதை அண்மைக் காலமும் காட்டியது. தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்தாண்டுக்கு மேல் நம் நகராட்சிகளில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, அவையும் தனி அலுவலர் வசம் சென்றன. பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் கட்டளை. அது மீறப்பட்டபோது நம் மஹல்லாக்களில் எத்தனை மேடைகள் அதைப் பேசின?

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016-இல் தமிழகம் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. கீழக்கரை நகராட்சியின் தலைவர் பொறுப்பையும் பெண்கள் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் தமிழகத்தின் பல ஊர்களில் பெயர் மனைவியுடையது, நாற்காலி கணவருடையது என்ற நிலை இன்னும் மாறவில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் சந்தைப் பொறுப்பை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) எனும் பெண்மணியிடம் ஒப்படைத்ததாக வரலாற்றாசிரியர் சிலர் எழுதியுள்ளனர். கல்லூரிக்கு மகளை அனுப்பிப் பட்டம் பெறச் செய்த தந்தை, அவள் வாய்திறந்து பேசும் மன்றத்திற்கு மட்டும் அஞ்சுவானேன்?

இப்போதைய நகரமன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-இன் தொடக்கத்தில் நிறைவுறுகிறது. அதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்க வேண்டும். ஜமாஅத்துகள் தம் வேட்பாளர் இவர் என்று முடிவு கட்டுவதைவிட, வேட்பாளர் அனைவரையும் ஒரே மேடையில் அமர்த்தி வார்டு வாரியாகக் கணக்குக் கேட்பது மேல். அந்த மேடைக்கு இந்து, கிறிஸ்தவ அண்டை வீட்டாரும், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரும் அழைக்கப்பெற வேண்டும். நகரமன்றம் அவர்களுக்கும் உரியதே. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அவற்றில் குடும்பத்திற்கு ஒருவரேனும் சென்று அமர்வோம். சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நிலுவையின்றிச் செலுத்துவோம். வரி செலுத்தாத நாவுக்குக் கேள்வி கேட்கும் வலிமை குறைவு.

ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்பது நாம் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் நபிமொழி. வார்டு உறுப்பினர் அந்த விசாரணையில் தம் தெருவுக்காக நிற்பார். அவருக்கு வாக்களித்த நாமும், வாக்களிக்கச் சோம்பியிருந்த நாமும் அதே விசாரணைக்கு உரியவர்களே. நம் ஊர்களுக்கு அமானிதம் பேணும் தலைமையை வல்ல ரஹ்மான் அருள்வானாக. ஆமீன்.