பரு எல்லாம் ஒரே பரு அல்ல!

"வயசுப் பெண்ணுக்கு முகத்தில் நாலு பரு வரத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் எந்தப் பரு தானே போகும், எது தழும்பு போட்டுவிட்டுப் போகும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மகளைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்துப் பாருங்கள்.

மூக்கிலும் மோவாயிலும் மிளகுப்பொடி தூவினாற்போல் இருந்தால் அது கரும்புள்ளி. அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். சருமத் துவாரத்தில் அடைத்த எண்ணெய்ப் பசைதான் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது. துவாரம் மூடியிருந்தால் அதே அடைப்பு ரவை மாதிரி வெள்ளையாகத் தெரியும். இரண்டிலும் வலி இராது. மிதமான சோப்பால் தினம் இரண்டு வேளை முகம் கழுவட்டும். தலை எண்ணெய் நெற்றியில் வழிய வேண்டாம்.

சிவந்து, தொட்டால் வலிக்கிறதா? அடைப்பைச் சுற்றி வீக்கம் கண்டிருக்கிறது. நுனியில் மஞ்சளாகத் தெரிவது சீழ். கை பரபரக்கும், ஆனாலும் கிள்ளவே கூடாது. கிள்ளினால் வீக்கம் ஆழமாகும், தழும்பும் மிஞ்சும்.

பயப்பட வேண்டியது அடுத்ததுக்குத்தான். நுனியே இல்லாமல், தோலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் கெட்டியாக, விண் விண்ணென்று வலிக்கும் கட்டி! குழித் தழும்பு பெரும்பாலும் இதனால்தான். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் சரும டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பரு ஆறின இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வெறும் கறை. சில மாதங்களில் மெல்ல மங்கிவிடும். குழி தட்டுப்பட்டால் அது தானாக நிரம்பாது.

தாடையோரம் பரு விடாமல் வருகிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது, மோவாயில் ரோமமும் வளர்கிறது என்றால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு மாமி சொன்னாள் என்று, சிவப்பழகு தரும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் வாங்கித் தடவாதீர்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும்; நாளாக ஆகத் தோல் மெலிந்து, பரு முன்னைவிட அதிகமாகும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை வயிற்றுக் குழந்தையின் உறுப்புகளையே பாதிக்கும். கர்ப்பமாக இருந்தாலும், குழந்தைக்காகக் காத்திருந்தாலும், பால் கொடுத்தாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டு, பருவைப் பற்றி அப்புறம் பேசுங்கள்.