கொடுக்கல் வாங்கல் தகராறாம்!

மொட்டை மாடிக்கு ஷீட் கூரை போட்டுத் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு தலைமறைவான ஒப்பந்ததாரர் மீது வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் கொடுத்த மனுக்கள் அத்தனையையும் சென்ற வாரம் போலீஸார் ஒரே மூச்சில் முடித்துவைத்துவிட்டார்கள். எல்லா மனுவுக்கும் ஒரே பதில்: இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் தன்மை கொண்டது, மனுதாரர் உரிய நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம். பெயரையும் கதவு எண்ணையும் மாற்றி, மற்றதை அப்படியே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். யாரை விசாரித்தார்கள், வாங்கிய பணம் எங்கே போயிற்று, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்பது பற்றி ஒரு வரி கிடையாது.

விவகாரம் இதுதான். சித்திரை வெயிலில் மாடி அறைகளில் படுக்க முடியாமல் பலரும் கூரை போட ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். ஷீட்டின் கனம், ஜி.ஐ. பைப்பின் அளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று லெட்டர்பேடில் கொட்டேஷன் எழுதிக் கொடுத்தார். இரும்பு விலை நாளுக்கு நாள் ஏறுகிறது, இப்போதே சரக்கு எடுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லிப் பாதிக்கு மேல் முன்பணம் வாங்கினார். ஆயிரம் சதுர அடி மாடிக்கு இந்தக் கூரை போட இரண்டு லட்சத்துக்குக் குறையாது. சம்பளக்காரர் வீட்டில் அது நகை அடகு வைத்த பணம். ஓய்வு பெற்றவர் வீட்டில் பி.எஃப். பணம். ஐப்பசி பிறந்தது, மழையும் வந்தது. கூரை வரவில்லை.

வேலையே தொடங்காத வீடுகள் ஒரு வகையில் தப்பித்தன என்றுதான் சொல்ல வேண்டும். தொடங்கிய வீடுகளைப் போய்ப் பார்த்தால் தெரியும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் மாடியில் கம்பம் நிறுத்துவதற்காகத் தட்டோட்டை உடைத்து, தளத்தில் துளை போட்டு, பேஸ் பிளேட் வைத்து போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். நாலு கம்பம் நிற்கிறது. மற்ற இடங்களில் துளை மட்டும் இருக்கிறது. ஒரு ஷீட்கூட ஏறவில்லை. துளை வழியே இறங்கும் தண்ணீரால் கீழே படுக்கையறை மேற்கூரை கறுத்து, காரை பெயர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. அதுவரை ஒரு சொட்டு ஒழுகாத வீடு அது. துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பதற்கு அவர் இன்னொருவருக்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார். இவரிடம் போய்த்தான் ‘இது கொடுக்கல் வாங்கல்’ என்கிறார்கள். கொடுத்தது இவர், வாங்கியது அவர் என்பது உண்மைதான். அதைக் கண்டுபிடிக்கக் காவல் நிலையம் எதற்கு?

மனுக்கள் முடிக்கப்பட்ட விதம் இன்னும் மோசம். முதலில் போனவர்களுக்கு மனு ரசீது கிடைத்தது. ஒப்பந்ததாரரும் ஒருநாள் நிலையத்துக்கு வந்தார். ஆகவே அவர் அப்போது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவரை உட்கார வைத்து, மூன்று மாதத்தில் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினார்கள். அதே தாளின் அடியில், ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று மனுதாரர்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கெடு முடிந்தது. பணம் வரவில்லை, கைபேசி அணைந்துகிடந்தது. மறுபடி நிலையத்துக்குப் போனவர்களிடம், ‘நீங்கள்தான் சமாதானமாகிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்று அதே தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பணத்தை மீட்டுத் தரும் என்று நம்பிக் கையெழுத்திட்ட காகிதம் அவர்கள் வாயை அடைக்கவே பயன்பட்டது. ஏமாற்றியவருக்கு அது மூன்று மாத அவகாசம். வீட்டைக் காலி செய்யவும், வங்கிக் கணக்கைத் துடைத்து எடுக்கவும், அடுத்த ஊரில் கடை விரிக்கவும் அது தாராளமாகப் போதும்.

ஒப்பந்தத்தை மீறுவதெல்லாம் மோசடி ஆகிவிடாது, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அதன் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறது. அதிகாரிகள் இந்த மரத்தடியில்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்தத் தீர்ப்பில் நமக்கும் மறுப்பு இல்லை. வேலை தாமதமானது, சரக்கு தரமில்லை, கூலியில் கணக்கு இடிக்கிறது என்பதற்கெல்லாம் ஒருவரைக் கைது செய்யச் சொன்னால் நாட்டில் ஒரு கொத்தனாரும் வெளியில் இருக்க முடியாது. ஆனால் தொடக்கத்தில் எண்ணம் என்னவாக இருந்தது என்பதை விசாரித்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்? விசாரிக்காமலே ‘எண்ணம் இல்லை’ என்று எழுதிவிட எந்த நீதிமன்றம் அனுமதித்தது?

இந்த விவகாரத்தில் எண்ணத்தைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் மூளை வேண்டியதில்லை. மனுக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மேசையில் அடுக்கியிருந்தாலே போதும். முதல் வீட்டில் வாங்கிய பணத்துக்கு வேலை தொடங்காமலே இரண்டாவது வீட்டில் வாங்கியிருக்கிறார். இரண்டிலும் தொடங்காமல் மூன்றாவதில் வாங்கியிருக்கிறார். எல்லாவற்றிலும் அதே கொட்டேஷன், அதே ‘இரும்பு விலை ஏறுகிறது’, அதே கணக்குக்கு அனுப்பிய பணம். ஷீட் வாங்கத்தான் முன்பணம் என்றால், ஷீட் கடைக்கு ஒரு ரூபாயாவது போயிருக்கிறதா? வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு மனுவையும் ஒவ்வொருவர் கையில் கொடுத்து, தனித்தனியாக விசாரித்து, தனித்தனியாக மூடியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாக்கிதான். சேர்த்துப் பார்த்தால்தான் மோசடி தெரியும். சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று யாரோ முடிவெடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது இந்த ஏற்பாடு?

பிடியாணை இல்லாமல் கைது செய்யத் தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. வணிகம் தொடர்பான புகார் என்றால் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று விலக்கும் கொடுத்தது. ஆனால் அந்த விசாரணையைக் குறுகிய கெடுவுக்குள் முடிக்க வேண்டும், புகாரை மூடினால் அதற்கான காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுதிப் புகார்தாரருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அச்சடித்த மூன்று வரி காரணம் ஆகுமா? பழைய 420, பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை அப்படியே இருக்கிறது. எண் மாறியதைக் குறித்துக்கொண்டவர்கள் புத்தகத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார்களே, போனால் என்ன நடக்கும்? உரிமையியல் வழக்கு என்றால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கட்டணம், வழக்கறிஞர் செலவு, ஆண்டுக்கணக்கில் வாய்தா. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமே இல்லை. அது நல்ல ஏற்பாடு. பாதிக்கப்பட்டவர்கள் அங்கும் போக வேண்டும் என்றே சொல்வோம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள வாசகம். ஆனால் எங்கே போனாலும் முதலில் எதிராளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். லெட்டர்பேடில் இருந்த முகவரியில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. நோட்டீஸ் திரும்பி வரும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. சிறைக்கு அனுப்பவும் ஆள் கிடைக்க வேண்டுமே. ஓடிப்போன ஆளைத் தேடிப் பிடிப்பது யாருடைய வேலை? ஓய்வு பெற்ற ஆசிரியையின் வேலையா?

அடுக்குமாடி கட்டி விற்பவர், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் தடுக்கிறது. பெரிய கட்டுமானங்களுக்கு அது பொருந்தும். கட்டிய வீட்டின் தலையில் கூரை போடுகிறவருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. ஒரு லெட்டர்பேடும் ஒரு பைக்கும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ‘ரூஃபிங் கான்ட்ராக்டர்’. இந்த இடைவெளியைச் சட்டம் இயற்றுகிறவர்கள் அடைக்கட்டும். அதுவரை இருக்கிற சட்டத்தை எடுத்துப் பயன்படுத்த வேண்டியவர்கள் கை கட்டி நிற்பதுதான் நம் கோபத்துக்குக் காரணம்.

இவர்கள் கை கட்டி நிற்பது இது முதல் தடவையும் அல்ல. ஆண்டுதோறும் தீபாவளிச் சீட்டுக்காரர் ஒருவராவது ஓடுகிறார். மாதாமாதம் கட்டிய பெண்கள் பட்டாசும் பலகாரமும் வெள்ளிக் காசும் கேட்டுப் பூட்டிய கடை முன்னால் நிற்கிறார்கள். ‘விசாரிக்காமல் ஏனம்மா கட்டினீர்கள்?’ என்பதுதான் அவர்களுக்கு நிலையத்தில் கிடைக்கும் முதல் கேள்வி. மறியல் செய்து, போக்குவரத்து நின்று, தொலைக்காட்சிக்காரர்கள் வந்த பிறகே மனு வழக்கு ஆகிறது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கதவை மூடியபோதும் இதே கதைதான். 1997-இல் முதலீட்டாளர்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது.

அந்தச் சட்டம் வந்து பதினைந்து ஆண்டு கழித்து, 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி மோசடி வந்து நின்றது. வளர்த்தால் மாதம் இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு போனஸ் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது, நடிகர்கள் வந்து பேசினார்கள், ஊரே பார்த்தது. பார்க்க வேண்டியவர்கள் மட்டும் பார்க்கவில்லை. நிறுவனத்தார் கம்பி நீட்டிய பிறகுதான் வழக்கு வந்தது. அதற்குள் தீவனமில்லாமல் சாகக் கிடந்த பறவைகளுக்கு அரசு இரை போட வேண்டியிருந்தது. ஈமு பசியோடு கத்தியது காதில் விழுந்த பிறகாவது நடவடிக்கை வந்தது. வீட்டுக்காரர்கள் மரியாதைக்குப் பயந்து கத்தாமல் வரிசையில் நின்று மனு கொடுத்தார்கள். அதுதான் அவர்கள் செய்த தவறு போலும்.

ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்தவர்கள் இடமாற்றலாகிப் போய்விடுகிறார்கள். சிலர் பதவி உயர்வோடு போகிறார்கள். மூடிய கோப்புக்காக யாரும் பதில் சொன்னதாக நமக்கு நினைவில்லை. நிலுவையில் உள்ள மனுக்களின் எண்ணிக்கை குறைந்தது என்று ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டு வாங்கியிருப்பார்கள். சென்ற வார முடிவுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. மனு முடிந்தால் இலக்கு எட்டியாயிற்று. குறை தீர்ந்ததா என்பதைக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில்கூடக் கேட்பார் இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவை அங்கே முத்திரை குத்தி, எந்த நிலையம் மூடியதோ அதே நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதே பதிலை மறுபடி அச்சடிக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவர்களை ‘பேராசைக்காரர்கள்’ என்று கைகழுவவும் இந்த முறை வழியில்லை. இவர்கள் வட்டிக்கு ஆசைப்படவில்லை, இரட்டிப்புக்கு ஆசைப்படவில்லை. சொந்த வீட்டுக்கு, சொந்தப் பணத்தில், ஊர் முழுக்க நடைமுறையில் இருக்கும் வழக்கப்படி முன்பணம் கொடுத்து ஒரு கூரை கேட்டார்கள். அட்வான்ஸ் இல்லாமல் ஒரு கிரில் கதவுகூட வாங்க முடியாத ஊரில், அட்வான்ஸ் கொடுத்ததே குற்றம் என்று உபதேசிப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு எப்படி வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒருவேளை அவர்களிடம் யாரும் முன்பணம் கேட்பதில்லையோ என்னவோ.

இந்த முடிவால் நாணயமாகத் தொழில் செய்கிற வெல்டர்களுக்கும் கூரை வேலைக்காரர்களுக்கும்தான் அடுத்த அடி. முன்பணம் என்றாலே இப்போது வீட்டுக்காரர்கள் மிரளுகிறார்கள். கைமுதல் இல்லாத சிறு வேலைக்காரர் ஷீட் எடுக்க எங்கே போவார்? ஓடினவரைப் பிடிக்காததற்கு ஓடாதவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

மூடிய மனுக்களைத் திறக்க வேண்டும். திறந்து, ஒரே அதிகாரியின் மேசையில் ஒன்றாக வைக்க வேண்டும். முன்பண விஷயத்தில் வீட்டுக்காரருக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பான ஓர் ஒழுங்குமுறையை அரசு யோசிக்க வேண்டும். அது பதிவு முறையா, உரிமமா, வேறு ஏதாவதா என்பதைப் பொறுப்பில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசட்டும். பேசுவதற்கு முன், சென்ற வாரம் கையெழுத்திட்டவர் யாராக இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இதே ஆள் நாளை பக்கத்து ஊரில் இதே லெட்டர்பேடோடு வாசலில் வந்து நின்றால், அவரைத் தடுக்க நீங்கள் இதுவரை செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல முடியுமா?