ஒட்டும் கோலமும் போடும் கோலமும்

பண்டிகைக் காலத்தில் லிட்டில் இந்தியாக் கடைகளில் ஒட்டுக் கோலங்கள் வண்ண வண்ணமாய்த் தொங்கும். பின்தாளை உரித்துத் தரையில் ஒட்டினால் ஒரே நிமிடத்தில் வாசல் நிறைந்துவிடும். வீவக வீட்டுப் பொது நடைபாதையில் மாவு சிந்துமே என்று தயங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. ஆனால், பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து புள்ளி வைக்கக் கற்கும் வாய்ப்பு பிள்ளைக்கு அந்த வசதியில் பறிபோகிறது.

அந்தப் பயிற்சியின் அருமை இப்போதுதான் கூடுதலாகப் புரிகிறது. ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பது, எது எதனுடன் பொருந்தும் என ஊகிப்பது, போகும் வழியை மனத்தில் வரைந்துகொள்வது ஆகியவற்றை இடஞ்சார் சிந்தனை என்பர். கணிதத்துக்கும் பொறியியலுக்கும் கட்டடக்கலைக்கும் இது அடிப்படை. சிங்கப்பூரின் பாலர் கல்விக் கட்டமைப்பும் வடிவங்களையும் எளிய இடக் கருத்துகளையும் அன்றாட வாழ்வில் பயன்படுத்துவதை எண்ணறிவு இலக்குகளில் ஒன்றாக வைத்துள்ளது.

பயிற்சியால் வளரும் திறன்

இது பிறவியிலேயே வாய்க்க வேண்டிய திறன் என்ற எண்ணம் வலுவிழந்து வருகிறது. 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வெளியான ஆய்வு, பயிற்சி இத்திறனை மேம்படுத்துகிறது என்று காட்டியது.

அதற்கு முந்திய ஆண்டு, சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பிள்ளைகளை வீட்டிலேயே கவனித்த ஆய்வு வெளியானது. இரண்டு முதல் நான்கு வயதுக்குள் ஜிக்சா போன்ற புதிர்களைப் பொருத்தி விளையாடியவர்கள், நாலரை வயதில் வடிவங்களை மனத்தில் திருப்பிப் பொருத்தும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தனர். விளையாட்டுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆயினும் பெற்றோரின் பேச்சுக்கும் இதில் பங்குண்டு என்பதை இதே துறையின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. வடிவம், அளவு, மூலை, வளைவு போன்ற சொற்களைப் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளில் பிள்ளைகளும் அவற்றை அதிகம் பேசினர். அப்படிப் பேசிய பிள்ளைகள் இடஞ்சார் சோதனைகளிலும் முன்னிலை வகித்தனர்.

கையும் சொல்லும்

கோலத்தில் கையும் சொல்லும் சேர்ந்தே இயங்குகின்றன. நேர்ப்புள்ளி என்றால் 5க்கு 5. இடைப்புள்ளி என்றால் 7ல் தொடங்கி 4ல் முடியும். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி பிசகக்கூடாது. சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1970களிலேயே கோலத்தைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்தனர்.

கோலம் போட்டால் கணக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ‘நடுவில் வை’, ‘இடப்பக்கம் வளை’, ‘குறுக்கே இழு’ என்று தமிழில் பேசியபடி கையை இயக்க இதைவிட இயல்பான வாய்ப்பு வீட்டில் அரிது. வீட்டில் தமிழை அதிகம் பேசும் குடியிருப்பாளர்களின் விகிதம் 2010ல் 3.3 விழுக்காடாக இருந்து 2020ல் 2.5 விழுக்காடாகக் குறைந்துள்ள நிலையில் இது சிறிய செய்தி அன்று.

கோலம் இங்கு மறைந்துவிடவும் இல்லை. 2023 ஜனவரியில் லிட்டில் இந்தியாவில் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் 6 மீட்டர் நீள அகலத்தில் ரங்கோலி உருவானது. அத்தகைய படைப்பைப் பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சொந்தமாகப் புள்ளி வைக்கும் வாய்ப்போ பலருக்குப் பொங்கல் நேரத்தில் மட்டுமே கிடைக்கிறது.

துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023ல் 1.8 பில்லியன் வெள்ளி செலவிட்டன. 18 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளின் திரை நேரம் பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2025ல் புதுப்பிக்கப்பட்ட அரசாங்க வழிகாட்டுதல். திரையை அணைத்த பிறகு என்ன செய்வது என்று தவிக்கும் பெற்றோருக்கு ஒரு தட்டும் ஒரு பிடி அரிசி மாவும் போதும், நடைபாதையும் அழுக்காகாது.

பெண்பிள்ளைகளை மட்டும் கூப்பிட வேண்டியதில்லை. அண்ணனும் தங்கையும் 3க்கு 3 புள்ளியில் தொடங்கலாம். கோடு கோணினால் தட்டை ஒரு முறை குலுக்கிவிட்டு மறுபடி போடலாம். பாலர் பள்ளித் தமிழ் வகுப்புகள் இதைப் பொங்கலுக்கு மட்டுமின்றி வாரம் ஒரு முறை செய்தால், ஒட்டுக் கோலம் வாங்கும் வீட்டிலும் கோலம் போடத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கும்.