கோபாலனுக்கு வேண்டாம் நம் இரக்கம்

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் விளையாட்டு வீரன் என்றால் ஓர் ஏளனப் புன்னகை. இசைக் கலைஞனையும் நடிகனையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், உடலால் சாதித்தவனைத் தினசரியின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறோம். எப்போதாவது நினைவுகூர்ந்தாலும் இரக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. எம். ஜே. கோபாலன் அந்த இரக்கத்துக்குப் பலியானவர்.

செங்கல்பட்டுச் சீமையின் மொரப்பாக்கம் அவர் ஊர். சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் அவருடைய வேகப்பந்து வீச்சை இனங்கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார். ஆடுவதையே பிழைப்பாகக் கொள்ள இயலாத காலம் அது. ஜமீன்தார் அல்லாதவன் ஆட வேண்டுமானால் மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை வேண்டும். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1935இல் தியான்சந்தின் ஹாக்கி அணியோடு நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார்.

1936இல் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் அழைத்தன. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்து இங்கிலாந்து சென்றார். அங்கு நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு இடமில்லை. ஹாக்கி அணியோ பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. உடனே நம்மவர் தீர்ப்பு எழுதிவிட்டனர்: தவறான தேர்வு, தவறிய தங்கம், பாவம் கோபாலன்!

இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. பெர்லினின் முடிவை அறிந்தபின் அவரவர் தேர்வை அளப்பது வரலாறன்று, சோதிடம். ஓர் ஆட்டக்காரனைக் கடல்கடந்து அழைத்துப்போய் வேடிக்கை பார்க்க வைத்தவர்கள் யார்? ஆட்டத் தகுதியைவிடச் செல்வாக்கினால் தலைமைப் பதவியை அடைந்த விஜயநகரம் இளவரசர் அந்த அணியின் தலைவர். அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பிய பயணமும் அதுவே. கேள்வி அவர்களை நோக்கி எழ வேண்டும். நாமோ கோபாலனின் முடிவைக் குடைகிறோம். அதிகாரத்தின் பிழையைத் தனிமனிதனின் விதியாக மாற்றிவிடும் பழக்கம் நமக்கு ஆட்டத்தில் மட்டுமா இருக்கிறது?

டெஸ்ட் ஒன்றுதான் என்கிறார்கள். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய 194 விக்கெட்டுகளை ஏன் எண்ணுவதில்லை? 1952-53 பருவம் தொடங்கிச் சென்னையும் இலங்கையும் மோதிய கோப்பைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1982இல் தம் முதல் டெஸ்டை ஆடுவதற்கு முந்தைய நீண்ட ஆண்டுகளில் இலங்கையருக்கு அது பெருங்களமாக இருந்தது. இது தோற்றவனின் கதையா?

1714இல் வீழ்ந்த செஞ்சியின் தேசிங்குராஜனைக் கதைப்பாடலாக்கித் தெருக்கூத்து மேடைகளிலும் உயிரோடு வைத்திருப்பவர்கள் நம் நாட்டுப்புறத்தார். தோற்றவனிடத்தில் அவர்கள் கண்டது துணிவை. இரங்கத்தக்க பிழையை அன்று. படித்தவர்களாகிய நமக்கு அந்தப் பார்வை ஏன் வாய்க்கவில்லை?

கோபாலன் 2003 டிசம்பரில் மறைந்தார். அவருக்கு நாம் பட்டிருப்பது அனுதாபக் கடன் அன்று. முழுமையான ஒரு வாழ்க்கை வரலாறு. நல்ல தமிழில், புள்ளிவிவரத்தோடும் மண்ணோடும் அதை எழுதுவதும் இலக்கியப் பணியே.