சென்னைக்கு ஒண்டேகால் மணித்தியாலம், சொந்தக் காணிக்கு எத்தனை வருஷம்?

"யாழ்ப்பாணத்தில இருந்து சென்னைக்கு ஒண்டேகால் மணித்தியாலம்!" பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட 2019 ஒக்ரோபர் 17இல் இருந்து இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு.

கணக்குப் பிழையில்லை. நேர்கோட்டில் சென்னை சுமார் 355 கிலோமீற்றர், கட்டுநாயக்க 290, திருச்சி 185. நாட்டின் பிரதான விமான நிலையத்தைவிடத் திருச்சிதான் எங்களுக்குக் கிட்ட. இது புதுச் சாதனையும் இல்லை. 1947 டிசெம்பரில் எயார் சிலோனின் முதல் சேவையே இரத்மலானையில் இருந்து பலாலியில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. அப்பப்பாமார் காலத்தில் இருந்ததைத் திருப்பித் தந்துபோட்டு, எங்களைக் கைதட்டச் சொல்லுகினம்.

லண்டனில் இருந்து வாற சனத்தைப் பாருங்கோ. கட்டுநாயக்க வரையான 8,700 கிலோமீற்றரைச் சுமார் 11 மணித்தியாலத்தில் கடந்துவிடுகிறார்கள். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வர வானுக்குள்ள ஒரு முழு இரவு. பலாலியின் ஓடுபாதை நீளம் காணாது. இப்போதைக்கு வந்து போவது ஏரீஆர் 72 மாதிரியான சின்ன விமானங்கள்தான்.

"அப்ப ஓடுபாதையை நீட்ட வேணும், அதுக்குக் காணி வேணும்" என்கிறார்கள். இங்கதான் எங்கட சண்டை தொடங்குது.

கீரிமலையில் இருந்து பலாலி பத்துக் கிலோமீற்றருக்குள். ஆனால் 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனத்தில் இன்னும் பலருக்குச் சொந்தக் காணிக்குள் கால் வைக்க வழியில்லை. பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோதுகூட, நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றுதான் திறந்தார்கள். தன்ர வளவைத் தாண்டிப் போற ஒருத்தர் பஸ்ஸுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தப் பயணத்துக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு எந்த அட்டவணையில் போடுவியள்?

விமான நிலையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கும் வேணும். ஆனால் விமானத்தின் பெயரைச் சொல்லி எல்லாக் காணியையும் பிடிச்சு வைச்சிருக்காதேயுங்கோ. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியில் எந்த விமானம் இறங்குது? கீரிமலையில் கட்டிய ஜனாதிபதி மாளிகைக்கும் ஓடுபாதைக்கும் என்ன சம்பந்தம்?

ஓடுபாதைக்கு உண்மையில் எவ்வளவு காணி தேவை என்று வரைபடத்தோடு பகிரங்கமாகச் சொல்லுங்கள். அந்தக் காணிக்காரரோடு முதலில் பேசுங்கள். விலையோ மாற்றுக் காணியோ, அவர்கள் சம்மதத்தோடு முடிவாகட்டும். மிச்சத்தை விடுங்கள்.

வாசிக்கிற தம்பி தங்கைமாரே, அடுத்த முறை ஆராவது "சென்னை இந்தா கிட்ட" எண்டால், வலிகாமம் வடக்குக் காணி எவ்வளவு தூரம் எண்டு திருப்பிக் கேளுங்கோ. பதில் வரும்வரை கேளுங்கோ.